கற்பூரம் வீசிய கூலர்

அத்தியாயம் 7

“எங்க வீட்டுல பிணம் எதுவும் கிடையாதுங்க,” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார் தூரான் கானும். “சத்தியமா. எல்லா அறையும் பாத்துட்டேன். கட்டிலுக்கு அடியிலகூட.”

ஈரஜ் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நல்லவேளை. இருந்தா போலீஸ்காரன்ல வந்திருப்பான்? அவன் கம்பளத்து மேல பூட்ஸோட நடப்பான்,” என்றான்.

“வாங்க, வாங்க! உங்க காலடி என் கண்ணு மேல!” என்று தூரான் கானும் குனிந்து வரவேற்றார்.

“கண்ணு மேல வேண்டாம்,” என்றார் பரிச்சேர் கானும். “மாடிப்படி எங்கே?”

ஈரஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். அவனுடைய முதலாளியம்மாவிடம் இருந்த ஒரே கோளாறு இதுதான். விமான நிலையத்தில் பெண் பயணிகளைச் சோதனை போட்டே காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய வந்தவர். உபசாரப் பேச்சு பேசமாட்டார். அடுத்தவர் பேசினால் அதை அப்படியே நம்பிவிடுவார். பெண்களை மரியாதையாகக் ‘கானும்’ என்று அழைத்து, வார்த்தைக்கு வார்த்தை ‘உங்கள் அடிமை’, ‘உங்கள் பாத தூசி’ என்று பேசுகிற காஷான் நகரத்தில் இப்படி ஒருவர் தலை நரைக்கும் வரை பிழைத்திருந்ததே பெரிய அதிசயம். அவர் உடைத்துப் போடுகிற மனசுகளையெல்லாம் ஒட்டவைக்கிற வேலை, டாக்ஸி ஓட்டுகிற வேலை, ஏணி தூக்குகிற வேலை எல்லாம் ஈரஜுக்கு.

காஷானில் ரோஜாப்பூ காய்ச்சுகிற மாதமும் கூலரைத் தூசி தட்டுகிற மாதமும் ஒன்றுதான். ஊரெல்லாம் பன்னீர் மணக்கும். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஆண்கள் கூலரின் கித்தான் உறையை உரித்து, போன வருஷத்து வைக்கோல் தட்டியைப் பிடுங்கி எறிந்து, புதுசு கட்டி, எண்ணெய் விட்டு, கீழேயிருந்து பெண்டாட்டி போடுகிற அதட்டலுக்கெல்லாம் ‘ஆச்சு, ஆச்சு’ என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தூரான் கானும் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

போன வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மகள் மஹ்லகா வேதியியல் டீச்சர். முப்பது தாண்டியும் வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள், கியூமர்ஸ் என்கிற ஒரு என்ஜினீயரை மட்டும் தானே பிடித்து, தானே சம்மதித்து, தானே நாள் குறித்திருந்தாள். மாப்பிள்ளையும் அவன் அம்மா மலீஹே கானும்மும் விருந்தாளி அறையில் வந்து உட்கார்ந்தார்கள். மலீஹே கானும் போன பனிக்காலத்தில்தான் கணவரைப் பறிகொடுத்தவர். வெயிலுக்கு இதமாக இருக்கட்டுமே என்று மாடிக் கூலரைப் போட்டார்கள்.

குழாய் வழியாகக் கற்பூர வாசம் வந்தது.

இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்கிற அதே கற்பூரம். மலீஹே கானும் முகம் வெளுத்து, தேம்பித் தேம்பி அழுது, தேநீரில் வாய்கூட வைக்காமல் எழுந்து போய்விட்டார். ஏன் அழுதீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையா?

“இன்னிக்குச் சாயந்திரம் மறுபடி வர்றாங்க,” என்றார் தூரான் கானும். “பையன் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வர்றான். கூலரைப் போட்டா சவக்கிடங்கு வாசம். போடலைன்னா வந்தவங்க வெந்து போயிடுவாங்க.”

“வேற அறையில உக்கார வைங்களேன்,” என்றான் ஈரஜ்.

தூரான் கானும் அவனைப் பார்த்த பார்வையில், இதற்குப் பதில் அந்தம்மாள் செத்தே போய்விடுவார் என்று தெரிந்தது. அறைக் கதவுக்குப் பின்னால் மஹ்லகா நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அமிலத்துக்கே அஞ்சாதவள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இது தட்டிப்போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், கானும். பயமுறுத்தறதுக்காகச் சொல்லல.”

“தெரியுது,” என்றார் பரிச்சேர் கானும். “மாடிப்படி எங்கே?”

மாடியில் கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரிக்கிற உஸ்தா யதொல்லா, பெற்ற பிள்ளைமேல் பழி விழுந்த தகப்பனைப் போலக் கைகட்டி நின்றார். தூரான் கானும்மின் கணவர் ஹாஜி கராமத்தும் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தார். போன வருஷம்தான் ஹஜ் முடித்துவிட்டு வந்தவர். தூய வெள்ளைக் குல்லாய் போட்டிருந்தார்.

“எதுக்கு இந்த வெயில்ல கஷ்டப்படுறீங்க, கானும்? கூலரே வேண்டாம்னுட்டா தீர்ந்துது. அந்தக் காலத்துல எங்கே கூலர் இருந்துது? விசிறியில வாழல?” என்றார் ஹாஜி.

“அந்தக் காலத்துல மாமியார்களை நெலவறையில உக்கார வைப்பாங்க, ஹாஜி,” என்றான் ஈரஜ்.

பரிச்சேர் கானும் கூலரை நிறுத்தச் சொன்னார். பக்கவாட்டுத் தட்டியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு மூச்சிழுத்தார். நனைந்த புது வைக்கோலின் வாசம். ஊருக்குள் குளிர்காலம் முடிந்தது என்று சொல்கிற அந்த நல்ல வாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ கானும், அதுல ஒரு பல்லி குடியிருக்கு!”

“பல்லிக்கு உடம்பு எப்படியிருக்கு?”

ஈரஜ் குனிந்து பார்த்தான். “கொழுகொழுன்னு இருக்கு.”

“அப்ப தண்ணியில ஒண்ணுமில்ல,” என்று எழுந்தார் அவர். “உஸ்தா, வேற ஏதாவது விசேஷம் உண்டா?”

“காத்தாடியைச் சுத்துற பெல்ட் ஒண்ணுதான் விளங்கல, கானும்,” என்றார் யதொல்லா. “இந்த வாரம் மாட்டுறேன், காணாமப் போகுது. திரும்ப மாட்டுறேன், அதுவும் காணோம். இப்ப ஓடுறது மூணாவது. காக்கா தூக்கிட்டுப் போச்சுங்கிறார் ஹாஜி.”

“காக்காவும் கூலர் வெச்சிருக்கும் போல,” என்றான் ஈரஜ்.

ஹாஜி தலையைச் சொறிந்தார். பரிச்சேர் கானும் அவர் குல்லாயையே பார்த்தார். வெள்ளைத் துணியில், சொறிகிற இடத்தில், மை தொட்டு வைத்த மாதிரி நாலு கறுப்பு விரல் தடம்.

கூலரை மறுபடி ஓடவிட்டுக் கீழே இறங்கினார்கள். மாடிக் குழாய் கூரைக்குள் கிளை பிரிந்து அறைக்கு அறை வருகிறது. ஒவ்வோர் அறையிலும், உத்தரத்துக்குக் கீழே, கம்பி மூடி போட்ட குழாய் வாய் ஒன்று. பரிச்சேர் கானும் கைப்பையிலிருந்து மெல்லிய காகிதக் கைக்குட்டையை எடுத்துக் குழாய் வாய்க்கு நேரே நீட்டினார். படுக்கையறையில் அது பறந்து போய் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் பறந்து போய்ப் புளிப்புக் குழம்புச் சட்டியில் விழுந்தது.

விருந்தாளி அறை பூட்டியிருந்தது. தூரான் கானும் உள்சட்டையில் ஊக்கு போட்டு மாட்டியிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். “இந்த அறைக்குள்ள நான் இல்லாம ஒரு ஈகூட நுழையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஹாஜி வருவார். குழாய் வாயைப் பனிக்காலத்துக்கு அடைக்கிறதுக்கு, வசந்தத்துல திறக்கிறதுக்கு. அப்பவும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நான் பக்கத்துலேயே நிப்பேன்.”

உள்ளே கற்பூரம் முகத்தில் அறைந்தது. தங்கச் சரிகை நாற்காலிகள், வெள்ளித் தட்டில் பிஸ்தா, சுவரில் ஹாஜியின் ஹஜ் படம். ஈரஜுக்கு உட்காரவே கை கால் கூசியது. செத்துப்போன யாருக்கோ ஃபாத்திஹா ஓதிவிட்டுத்தான் உட்கார வேண்டும் போலிருந்தது.

பரிச்சேர் கானும் நீட்டிய காகிதம் அசையவில்லை. வேலை கேட்டு வந்தவன் மாதிரி தொங்கிக்கொண்டு நின்றது.

“இந்தத் தடவை குழாய் வாயைத் திறந்தப்போ என்ன எடுத்தார்?”

“பழைய மெத்தை உறை. எப்பவும் அதுதான். என் கண்ணு முன்னாலதான் எடுத்துப் போட்டார்.”

“எடுத்தேன், எடுத்தேன்,” என்றார் ஹாஜி. “எடுத்துட்டேன்.”

“ஏணி வேணும்,” என்றார் பரிச்சேர் கானும்.

“ஏணியா?” ஹாஜி மறுபடி தலையைச் சொறிந்தார். “அதை மசூதிக்குக் குடுத்திருக்கேனே. விளக்கு மாத்தணும்னாங்க.”

“என்னைக்கு?”

“நேத்து.”

ஈரஜ் பரிச்சேர் கானும்மின் காதில் கிசுகிசுத்தான். “கானும், இது பழைய மாப்பிள்ளை எவனோ செஞ்ச வேலை. வேண்டாம்னு சொன்னதுல ஒருத்தன் வயித்தெரிச்சல்ல கற்பூரத்தை வாங்கி...”

“ஊக்கு போட்ட சாவியைத் தாண்டியா? சரி, கற்பூரம் யார் வாங்கினான்னு கேட்டுட்டே வந்துடலாம். ஏணிக்கும் ஆச்சு.”

ஊரில் கற்பூரம் விற்கிற நாட்டு மருந்துக் கடை ஒன்றுதான். கடைக்காரர் ஜலீல் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

“கற்பூரமா? எங்கிட்ட வாங்குறது பிணம் கழுவுறவங்க மட்டும்தான். அதை உபயோகிச்சவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல.”

“வீட்டுக்குன்னு யாரும் வாங்குறதில்லையா?” என்று கேட்டார் பரிச்சேர் கானும்.

“வீட்டுல கற்பூரம் வைக்க எந்தப் பொம்பளை விடுவா? ஹஜ்ஜுக்குப் போறவங்கதான் அங்கேயிருந்தே பொட்டலமா கட்டிக் கொண்டு வருவாங்க. அதை நான் விக்கிறதில்ல.”

பரிச்சேர் கானும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து மேல் அலமாரியில் சாய்த்திருந்ததைப் பார்த்தார்.

“ஏணி நல்லா இருக்கு.”

“உங்களைவிட எனக்கு ஏணி பெருசா?” என்றார் ஜலீல், ஊர் வழக்கப்படி மார்பில் கைவைத்து. “உங்களுக்கே. எடுத்துக்குங்க!”

“நன்றி,” என்றார் பரிச்சேர் கானும். “ஈரஜ், தூக்கு.”

ஜலீலின் கை மார்பிலேயே நின்றுவிட்டது. மூக்குக் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக இறங்கி மூக்கில் உட்கார்ந்தது. ஈரஜ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடியே, “மக்ரிபுத் தொழுகைக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடுறேன், உஸ்தாத். நீங்க நூறு வருஷம் இருக்கணும். உங்க கடை வாசல் மண்ணு என் கண்ணுக்கு மை,” என்று அடுக்கிக்கொண்டே போனான். இப்படி அவன் ஒட்டவைத்த மனசுகளின் எண்ணிக்கை அவனுக்கே மறந்துவிட்டது.

டாக்ஸியின் கூரையில் ஏணியைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது, “யார்னு தெரிஞ்சுபோச்சா?” என்று கேட்டான்.

“தெரிஞ்சுது. ஏன்னுதான் தெரியல.”

விருந்தாளி அறையில் ஏணி சாய்ந்தவுடன் ஹாஜி கராமத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை என்று தூரான் கானும்மின் முகம் சொன்னது.

“ஹாஜி,” என்றார் பரிச்சேர் கானும், “பெல்ட்டைக் குடுங்க.”

“என்ன பெல்ட்?”

“உங்க குல்லாயில ரப்பர்க் கரி. காக்காவுக்குக் குல்லாய் கிடையாது.”

ஹாஜி சட்டையைத் தூக்கினார். தொப்பையைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கூலர் பெல்ட். “கூலர் ஓடலைன்னா வாசமும் வராதுன்னு நெனைச்சேன்,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ஈரஜ், ஏறு.”

ஈரஜ் ஏறினான். கம்பி மூடியைக் கழற்றிவிட்டு, தோள் வரைக்கும் கையை விட்டான். கையில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. “பூனையா இருந்தா இப்பவே சொல்லிடுங்க,” என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். கயிற்றால் கட்டிய ஒரு துணிப் பொட்டலம் வந்தது. பாதி வழியில் கயிறு அவிழ்ந்தது. முழம் முழமாக வெள்ளைத் துணி ஏணியில் வழிந்து, தங்கச் சரிகை நாற்காலிகளைத் தாண்டி, கம்பளத்தில் போய் விழுந்தது. நடுவிலிருந்து கற்பூரக் கட்டிகள் பிஸ்தாத் தட்டில் உருண்டன. அடைபட்டிருந்த காற்று ஹோவென்று அறைக்குள் பாய்ந்தது.

“கஃபன் துணி! மையித்துக்குச் சுத்துற துணி!” தூரான் கானும் கன்னத்தில் அடித்துக்கொண்டார். “இது வீட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வராது, மசூதிக்குக் குடுங்கன்னு சொன்னேன்ல? குடுத்துட்டேன்னீங்களே! ஏணியைத்தான் குடுத்தீங்களா?”

“ஏணியும் குடுக்கல. கட்டிலுக்குப் பின்னால இருக்கு.”

“தன் கஃபனை வெச்சுத் தானே குளிர்காத்தை அடைச்ச மனுஷன் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான், ஹாஜி,” என்றான் ஈரஜ் ஏணி உச்சியிலிருந்து.

“பனிக்காலத்துல அந்தக் குழாயை யாரும் திறக்க மாட்டாங்கல்ல? வசந்தத்துல எடுத்துடலாம்னுதான், அடைக்கிற அன்னிக்கு இவ அடுப்பைப் பாக்க ஓடின நேரத்துல வெச்சேன். திறக்கிற அன்னிக்கு இவ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டே நிக்கிறா. முன்னால இருந்த மெத்தை உறையை மட்டும் எடுத்தேன். இதை எப்படி எடுக்கிறது? அப்புறம் சாவி கிடைக்கல.” ஹாஜி தாடியை உருவிவிட்டுக்கொண்டார். “ஹஜ்ஜுல ஜம்ஜம் கிணத்துப் புனிதத் தண்ணியில நானே நனைச்சு, வெயில்ல காயவெச்சுக் கொண்டாந்தேன் தூரான். எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. நான் போற அன்னிக்கு இந்தப் பொண்ணு துணிக்காகக் கடை கடையா ஏறி இறங்கக் கூடாதுன்னு பாத்தேன். அவ்வளவுதான். அவ கல்யாணத்தையே கெடுத்துட்டேனே.”

தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்ற மஹ்லகா, “பாபா...” என்றாள். அவளுக்குப் பின்னால் பூங்கொத்தோடு கியூமர்ஸ் நின்றான். அவனுக்கு முன்னால், இனிப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மலீஹே கானும் நின்றார். ஏணி கொண்டுவர விரியத் திறந்த தெருக்கதவை யாரும் மூடியிருக்கவில்லை.

மலீஹே கானும் அறையைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். கம்பளம் முழுக்கப் பரவிக் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

“நல்ல துணி,” என்றார் மெதுவாக.

விருந்தாளி ஒன்றை நல்லது என்று சொன்னால் வீட்டுக்காரர் என்ன சொல்ல வேண்டும் என்பது ஹாஜி தாய்ப்பாலோடு குடித்த பாடம். மூளை தடுப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. எழுந்து, மார்பில் கைவைத்து, “உங்களைவிடவா? உங்களுக்கே, கானும். எடுத்துக்குங்க!” என்றார்.

ஈரஜ் ஏணியிலிருந்து ஒரு படி வழுக்கினான். சம்பந்தியம்மாளுக்குக் கஃபனைச் சீதனமாகக் கொடுத்த வீடு காஷான் சரித்திரத்தில் இதுதான் முதலாவதாக இருக்கும். தூரான் கானும் சுவரைப் பிடித்துக்கொண்டார். மஹ்லகாவின் தட்டில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன.

மலீஹே கானும் பரிச்சேர் கானும்மின் பக்கம் திரும்பினார். “நீங்க உபசாரத்துக்குக்கூட ஒரு பொய் சொல்லமாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. நீங்களே சொல்லுங்க. இது என்ன துணி?”

முடிந்தது கதை என்று ஈரஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

பரிச்சேர் கானும் ஆடுகிற டம்ளர்களைப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கல்யாணத் துணி,” என்றார். “மாப்பிள்ளை பொண்ணு தலைக்கு மேல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, மேலே சர்க்கரை தேய்ப்பாங்களே, அதுக்கு. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு கற்பூரம் வெச்சிருக்காங்க. அதுவும்... உங்க பார்வை பட்டதால இன்னும் வெள்ளையாயிடுச்சு.”

ஈரஜ் ஒரு கண்ணைத் திறந்தான். இந்தம்மாள் வாயிலிருந்தா?

மலீஹே கானும் இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தார். கம்பளத்தில் மண்டியிட்டு, துணியின் ஒரு முனையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்தத் தடவையும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. பரிச்சேர் கானும் கேட்டார்.

“போன தடவை ஏன் அழுதீங்க?”

“பயத்துல,” என்றார் மலீஹே கானும் துணிக்குள்ளிருந்தே. “என் வீட்டுக்காரரும் இதே மாதிரி ஒண்ணு கொண்டாந்தார். நானும் தூரான் கானும் மாதிரிதான் சண்டை போட்டேன். எங்கேயோ ஒளிச்சு வெச்சார். அவர் திடீர்னு போன அன்னிக்கு வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோம், கிடைக்கல. ஆசையா வாங்கின துணி இல்லாம, ஏதோ ஒரு கடைத் துணியில அனுப்பிவெச்சேன்.” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இந்த வசந்தம் கூலர் போட்டதுலேருந்து வீட்டுல இதே வாசம். பையன் இஸ்ஃபஹான்ல இருக்கான், நான் ஒண்டிக்கட்டை. யார்கிட்ட சொல்றது? பைத்தியம்பாங்க. இங்கே வந்து உக்காந்தா இங்கேயும் அதே வாசம். அவர்தான் கோபத்துல என் பின்னாலேயே வர்றார்னு நெனைச்சேன்.”

பரிச்சேர் கானும் குழாய் வாயை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க வீட்டு விருந்தாளி அறையில காத்து நல்லா வருதா?” என்று கேட்டார் பரிச்சேர் கானும்.

மலீஹே கானும் நிமிர்ந்து பார்த்தார். “இல்ல,” என்றார். “இந்த வருஷம் வரவேயில்ல.”

“ஈரஜ், ஏணி.”

சம்பந்தம் பேச வந்தவர்கள், பேசவேண்டியவர்கள், உஸ்தா யதொல்லா உட்பட அத்தனை பேரும் தேநீரைக் குடிக்காமல் டாக்ஸியில் ஏறினார்கள். ஒருவர் மடியில் ஒருவர். தூரான் கானும் அந்த அறையைப் பூட்ட மறந்துபோனார். வழியில் ஜலீல் கடை வாசலிலிருந்து தன் ஏணி எதிர்த் திசையில் போவதைப் பார்த்துக் கை நீட்டினார். ஈரஜ் சன்னல் வழியாக ஒரு சலாம் வைத்துவிட்டு ஓட்டினான்.

மலீஹே கானும் வீட்டில் யதொல்லா கூலரை ஓடவிட்டார். ஈரஜ் ஏறி, மூடியைக் கழற்றி, கையை விட்டான். ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. நறுக்கென்று எதையாவது சொல்ல வாயெடுத்தவன், கீழே அண்ணாந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். மெதுவாக, கயிறு அவிழாமல் இழுத்தான். குனிந்து அவர் கையில் கொடுத்தான்.

மலீஹே கானும் அதைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார். “ஹாஜி, உங்களுது உங்ககிட்டேயே இருக்கட்டும். நீங்க நூறு வருஷம் கழிச்சுக் கட்டிக்குங்க,” என்றார். பிறகு பரிச்சேர் கானும்மைப் பார்த்தார். “இது இனிமே யாருக்கும் வேண்டியதில்ல. நீங்க சொன்னதுக்கு இதை வெச்சுக்கலாம். பிள்ளை தலைக்கு மேல அவங்கப்பா துணி இருக்கட்டும்.”

கியூமர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மஹ்லகா அவன் சட்டை முனையை யாரும் பார்க்காதபடி பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள்.

அடைப்பு நீங்கிய குழாயிலிருந்து ஈர வைக்கோல் வாசத்தோடு குளிர்ந்த காற்று இறங்கி, மலீஹே கானும்மின் கறுப்பு முக்காட்டை அசைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு முகத்தைக் கொடுத்தார்.

“வருது,” என்றார். “காத்து வருது.”